லீவு கிடைக்காத மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே ரங்கூனில் எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டார். கரண்ட் வருவதும் போவதும் உனக்குத் தெரிந்த கதைதான். மற்ற சேதியெல்லாம் கடைசியில் எழுதுகிறேன்.

சின்ன மாமா மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். சரி. விசாக விடுமுறையை ஒட்டி ஞாயிற்றுக்கிழமையில் வருகிற கல்யாணத்துக்கு லீவு கொடுக்காத கம்பெனியும் சிங்கப்பூரில் இருக்கும்தான். நான் அதைக் கேட்க வரவில்லை. தாமுவே அத்தை வீட்டு வளைகாப்பைப் பற்றியும் எழுதப் போவதில்லை. நர்ஸ் உத்தியோகம் பார்த்தவளுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது, பொதுவாக எழுதுகிறேன். உனக்கு வேண்டாமென்றால் வேறு யாருக்காவது உதவும்.

சிலருக்கு ஒரு விசேஷம் என்றால் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே வயிறு கலங்கத் தொடங்கிவிடும். மண்டப வாசலில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், கையில் டம்ளர் நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவர்கள் விவரம் இல்லாதவர்கள் கிடையாது. ஆபீஸில் மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாக முடித்துக் கொடுக்கிறவர்களாகக்கூட இருப்பார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலேயே ஆரம்பித்திருக்கும், வீட்டில் கூச்சம் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, போக வேண்டிய இடத்துக்கே போகவிடாமல் தடுத்தால் அதற்கு வைத்தியம் உண்டு.

படபடப்பு ஏறும் வேகம்தான் பயமுறுத்தும். சட்டென்று ஏறி, அனேகமாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். அங்கேயே இருந்தால் தானாகவே இறங்கும். உச்சியில் இருக்கும்போது எழுந்து ஓடினால் அந்த நிமிஷம் நிம்மதிதான், ஆனால் வெளியே வந்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை குறித்துக்கொள்ளும். அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகையைப் பார்த்தாலே படபடக்கும். பாதியில் கிளம்புவதில் தப்பே இல்லை. இறங்கின பிறகு கிளம்பு. ஏறுகிறபோது கிளம்பாதே.

மூச்சை வேகவேகமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். உடனே மயங்கி விழப்போகிறோம் என்று தோன்றும், படபடப்பு இன்னும் ஏறும். நாலு எண்ணி மூக்கால் இழு, ஆறு எண்ணி மெதுவாக விடு, மூன்று நாலு நிமிஷம். இதை மண்டபத்தில் முதல்முதலாகச் செய்து பார்த்தால் வராது. இன்றைக்கு ராத்திரியிலிருந்து தினம் இரண்டு வேளை பழகிக்கொள். விசேஷத்தன்று வெறும் வயிற்றில் போகாதே, கெட்டி டீயும் வேண்டாம், இரண்டுமே கை நடுக்கத்தைக் கூட்டும்.

ஒதுங்கி நின்று போனைப் பார்ப்பது, டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது, பேசப்போவதை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, அக்கா முந்தானையை விடாமல் நிற்பது, இதெல்லாம் பாதுகாப்பு மாதிரி தெரியும். கெடுதலே அதில்தான். போனைப் பார்க்கிறவளிடம் யாரும் வந்து பேச மாட்டார்கள், திமிர் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லப்போவதை ஓட்டிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாது, பதில் தடுமாறும். கவனத்தை உன்மேலிருந்து எடுத்து வெளியே போடு. எதிரில் நிற்கிறவர் என்ன தோடு போட்டிருக்கிறார், நாதஸ்வரக்காரர் என்ன வாசிக்கிறார், பட்டுப்புடவையில் எத்தனை பச்சை இருக்கிறது என்று பார். சில்லறை வேலையாகத் தெரியும், ஆனால் தன் முகம் எப்படிச் சிவந்திருக்கிறது என்பதையே நினைத்துக்கொண்டிருப்பதுதான் படபடப்புக்குத் தீனி.

எல்லாரும் நம்மைத்தான் பார்க்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்து 2000ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு வெட்கப்படும்படியான படம் போட்ட டீஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். இப்படிப் போட்டுக்கொண்டு போனவர்களைக் கேட்டால், அறையில் இருந்தவர்களில் பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று சொன்னார்கள். உண்மையில் கவனித்தது கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர்தான். நம் ஆட்கள் மாணவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகக் கவனிப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் பார்ப்பது உன் நகையை, உன் கையை இல்லை.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். லீவு கிடைத்தால் என்று வைத்துக்கொள். முகூர்த்தம் 7.30லிருந்து 9 மணிக்குள். நீ 6.30க்கே வந்துவிடு. வெட்கப்படுகிறவர்கள் எல்லாரும் கூட்டத்தோடு கூட்டமாக நுழையலாம் என்று தாமதமாகத்தான் வருவார்கள். அப்போது நாற்காலியெல்லாம் நிறைந்திருக்கும், நடுவில் நடந்து இடம் தேட வேண்டும், தலைகள் எல்லாம் திரும்பும். சீக்கிரம் வந்தால் தட்டு அடுக்குகிற நாலு பொம்பளைகள்தான் இருப்பார்கள். அப்புறம் வருகிறவர்கள் ஒவ்வொருவராகத்தான் வருவார்கள், நீ ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாய். சீக்கிரம் வந்துவிடு.

சும்மா உட்கார்ந்திருப்பதை விட ஒரு வேலையைக் கையில் வாங்கிக்கொள். எந்த வேலை என்பது முக்கியம். மொய் மேசை வேண்டாம், நாலு பேர் குனிந்து பார்க்கிறபோது பேர் எழுதுவது இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். பன்னீர், சந்தனம் பரவாயில்லை, ஒரு ஆளுக்கு ஐந்து நொடி, சொல்ல வேண்டியதும் 'வாங்க' ஒன்றுதான், ஆனால் வருகிற அத்தனை பேர் பார்வையும் விழும். பந்தியில் ரசம், சாம்பார் வாளியைத் தொடாதே, சிந்தினால் புடவையில்தான் சிந்தும். தண்ணீர் ஜக் என்றால் அரை ஜக்குக்கு மேல் நிரப்பாதே. இருக்கிறதிலேயே நல்லது அப்பளம். கனமில்லை, சிந்தாது, இலையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்க்கொண்டே இருக்கலாம், ஒருவரிடமும் நிற்க வேண்டியதில்லை. முதல் பந்தியில் அப்பளம் வை, இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிடும்போது மற்றவர்கள் பார்ப்பார்கள் என்றால் வரிசையின் ஓரத்தில் உட்கார், ஒரு பக்கம்தான் ஆள் இருக்கும். சாயங்கால ரிசப்ஷனுக்கு வரவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம். முடிவை முன்னாலேயே எடுத்து வைத்தால் அது ஓட்டமில்லை.

கேள்விகள் வரும். எப்போ கல்யாணம், எவ்வளவு சம்பளம், ஏன் மெலிந்துவிட்டாய். ஒரு வரி பதில், உடனே ஒரு கேள்வி திருப்பிக் கொடு. "பார்க்கிறாங்க அத்தை, உங்க பேரன் இப்ப எந்த கிளாஸ்?" பேரன் பேச்சு வந்தால் இன்சின் அத்தை அரைமணி நேரம் உன்னை மறந்துவிடுவாள். இப்படி இரண்டு மூன்று வரி போதும். முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்யாதே.

இதற்கு முன்னால் அங்கேயே பழகு. பூஜ்யம் முதல் பத்து வரை பயத்துக்கு மார்க் போட்டு ஒரு பட்டியல் எழுது. தேக்கா சந்தையில் கடைக்காரரிடம் விலை கேட்டு, வாங்காமல் வருவது ஒரு மூன்று. பெனின்சுலா பிளாசாவில் தெரியாத ஆளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து நம் ஊர் மீன்குழம்பு நூடுல்ஸ், மோஹிங்கா, சாப்பிடுவது நாலு. ஆபீஸ்காரர்களோடு மதியச் சாப்பாடு ஐந்தோ ஆறோ. சிராங்கூன் சாலையில் ஒரு கோவிலில் அன்னதானப் பந்தி ஏழு. மார்க் உன்னுடையது, என்னுடையதை எடுத்துக்கொள்ளாதே. கீழே இருந்து ஆரம்பி. ஒன்றையே வாரத்துக்கு மூன்று நாலு தடவை செய், மார்க் பாதியாகிற வரை மேலே ஏறாதே. மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் ஒவ்வொரு தடவையும் புதுசாகத்தான் இருக்கும். திரும்பி வந்ததும் நடந்ததை மூன்று வரியில் எழுதி மூடிவிடு. ராத்திரி படுத்துக்கொண்டு, அப்படிச் சொன்னேனே, அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று கிளற ஆரம்பித்தால் நன்றாக நடந்ததும் கெட்டதாகத் தெரியும். நீ கிளறுவாய். எனக்குத் தெரியும்.

மாத்திரை பற்றி. ப்ரோப்ரனலால் என்று கூட வேலை செய்கிறவர்கள் யாராவது கொடுப்பார்கள், நடுக்கத்தை நிறுத்தும் என்பார்கள். உனக்குச் சின்னதில் வீசிங் இருந்தது, தொடவே தொடாதே, மூச்சுக்குழல் சுருங்கிவிடும். தூக்க மாத்திரை வகையும் வேண்டாம், பழகிப்போகும். தினசரி போடுகிற மனநல மருந்துகள் பலன் தர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. பேச்சு வழி சிகிச்சைக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு தடவை போக வேண்டியிருக்கும். எதையும் கல்யாணத்துக்காகச் செய்யாதே, உனக்காகச் செய். முதலில் உன் வட்டாரத்து டாக்டரிடம் போ, கூட்டத்தில் படபடப்பு, எத்தனை வருஷமாக, எந்தெந்த விசேஷத்தை விட்டாய் என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு போய்க் கொடுத்துவிடு. வாய்விட்டுச் சொல்வதுதானே கஷ்டம்.

அப்பளத்துக்கு யாரைப் போடுவது என்று பெரிய மாமா பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார், உன் பேரைப் பென்சிலில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். இப்படி எழுதியதை அக்காவிடம் சொல்லவில்லை, தாமுவே அத்தையிடம் சொல்லவே இல்லை.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: பக்கத்து வீட்டுச் சேதி, அப்பா மருந்து எல்லாம் அடுத்த கடிதத்தில். லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ரவிக்கை அளவை அனுப்பு. டெய்லர் கல்யாண சீசன் என்று பதினைந்து நாள் கேட்கிறான். கை முழங்கை வரைக்கும் வைக்கச் சொல்லவா, குட்டையாகவா?