தொட்டியும் பலகையும் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நாகப்பட்டினம் கடலோரத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். நிலநடுக்கம், எரிமலை, புவித்தட்டுப் பாடத்தை இந்த வருடம் எங்கள் பிள்ளைகள் கையால் தொட்டுப் படித்தார்கள். அது உங்களால்தான் நடந்தது.

முதல் நன்றி அந்த மீனவப் பெரியவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுனாமிக்கு முன்னால் கடல் உள்வாங்கும், பார்த்ததும் ஓட வேண்டும் என்றுதான் வருடாவருடம் சொல்லிக்கொடுத்து வந்தேன். வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர், "இல்ல டீச்சர். அன்னைக்கு இங்க மொதல்ல கடல் உள்ள போவல, ஏறித்தான் வந்துச்சு. உள்ள போனதெல்லாம் அதுக்கப்புறம்" என்றார். அன்று இரவே தேடிப் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

இந்தியத் தட்டு, அதாவது நம் நிலத்தைச் சுமக்கும் பெரிய பாறைப் பலகை, சுமத்ரா, அந்தமான் பக்கம் அடுத்த தட்டின் அடியில் செருகிக்கொண்டே போகிறது. இரண்டும் சிக்கிக்கொண்டதில், மேலே இருக்கும் தட்டின் விளிம்பு பல நூறு வருடங்களாகக் கீழ்நோக்கி இழுபட்டு வளைந்திருந்தது. 2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு அந்தப் பிடி விட்டது. 9.1 அளவு நிலநடுக்கம். 1,200 கிலோமீட்டருக்கும் மேல் பிளந்தது. விளிம்பு துள்ளி எழுந்தது, அதற்குக் கிழக்கே தரை தாழ்ந்தது. எழுந்தது நம்மைப் பார்த்த பக்கம். அதனால் நமக்கு முதலில் வந்தது மேடான நீர். தாய்லாந்துக் கரையிலோ முதலில் கடல் வற்றியது.

இதை எப்படிக் காட்டுவது? வண்ணமீன் கடைக்காரர் தன் நீளமான பழைய தொட்டியைக் கொடுத்தார். தச்சர் அண்ணன் அதன் அடியில் பொருந்துகிற மாதிரி ஒரு பலகை செய்து, நடுவில் கீல் வைத்தார். ஏற்றப்பலகை போல ஒரு பக்கம் எழும், மறுபக்கம் தாழும். மூன்று முறை செதுக்கித் திருத்தினார், கூலி வாங்கவில்லை. சொட்டுநீலம் கலந்த தண்ணீரில் ஒரு மாணவி பலகையைச் சட்டென்று அசைத்தாள். இந்தப் பக்கக் கண்ணாடியில் நீர் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது. "தாத்தா சொன்னது!" என்று வகுப்பே கத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தமானில் வேலை பார்க்கும் பழைய மாணவன் படங்கள் அனுப்பியிருந்தான். வடக்கே கடலுக்கு மேல் எழுந்து காய்ந்துபோன பவளப்பாறை ஒன்றில். தெற்கே நிக்கோபாரின் கடைக்கோடியான இந்திரா முனையில், நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து தண்ணீருக்குள் நிற்கும் கலங்கரை விளக்கம் இன்னொன்றில். தம்பி, அந்த இரண்டு படங்களும் என் பாதிப் பாடத்தை நடத்திவிட்டன.

சத்துணவு அம்மாவுக்கும் நன்றி. சாம்பார் கொதிக்கும்போது பருப்பு நடுவில் எழுந்து ஓரத்தில் இறங்குவதைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். தட்டுகளுக்கு அடியில் இருக்கும் பூமியின் கவசம் குழம்பு இல்லை, திடப்பாறைதான். ஆனாலும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் இப்படித்தான் சுழன்று நகர்கிறது.

பெரியவருக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. கடல் உள்வாங்கினால் ஓடு என்று இப்போதும் சொல்கிறேன். கூடவே, உள்வாங்கவில்லையே என்று எச்சரிக்கையைத் தட்டிவிட்டுக் கரையில் நிற்காதே என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அது நீங்கள் தந்தது, ஐயா.

தொட்டி வகுப்பிலேயே இருக்கட்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள். பலகையைப் பிள்ளைகளே அசைத்துக் காட்டுவார்கள்.

அன்புடன்,
உங்கள் புவியியல் டீச்சர்