எங்கள் மகனின் வழக்கில் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

இணையவழிப் பண மோசடி வழக்கொன்றில் கைதாகிச் சிறையிலும் இருந்த எங்கள் மகன் மீது வழக்கு நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று கூறி, நீதிமன்றம் சென்ற மாதம் அவனை விடுவித்தது. உத்தரவின் சான்றிட்ட நகல் கைக்கு வந்த பிறகே எழுதுவது முறை என்று காத்திருந்தேன், இப்போது எழுதுகிறேன்.

கடன் வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவர், மகன் பெயரில் புதிதாக வங்கிக் கணக்குத் தொடங்கச் செய்து, பாஸ்புக், ஏடிஎம் அட்டை, அந்தக் கணக்குக்கென்றே எடுத்த சிம் அட்டை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு போனார். வட மாநிலம் ஒன்றில் முதியவர் ஒருவரை, காவல்துறையினர் போல் நடித்துக் காணொலி அழைப்பிலேயே 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டிப் பறித்த பணத்தில் ஒரு பகுதி அந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் காவல்துறை முதலில் வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

முதல் நன்றி, வேடசந்தூர் நீதித்துறை நடுவர் முன் மகனுக்காக எழுந்து நின்ற சட்ட உதவி வழக்கறிஞருக்கு. காவலில் இருக்கும் எவருக்கும், அவருடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவி உண்டு என்பதே அன்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கைதுக்கான காரணங்களை மகனுக்குத் தமிழில் விளக்கச் செய்தார். அதன்பின் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு அப்போது சிறியதாகத் தோன்றியது. கைப்பற்றிய கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்கள் (கருவியை அடையாளம் காட்டும் எண்கள்) இரண்டையும் மகஜரில், அதாவது பொருள்களைக் கைப்பற்றியதைப் பதியும் ஆவணத்தில், எழுத வேண்டும் என்று வற்புறுத்தி, எழுதிய பிறகு ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தே நகர்ந்தார். மாதங்கள் கழித்து, வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொற்களைப் பெற்ற சிம் அட்டை எந்தக் கருவியில் இருந்தது என்பதைத் தொலைபேசி நிறுவனத்தின் அழைப்புப் பதிவேட்டில் பார்த்தபோது, அது முற்றிலும் வேறு கருவி என்று தெரிந்தது. மகஜரில் அந்த எண்கள் இல்லாதிருந்தால், மகனிடம் இருந்த கைபேசி எது என்பதையே நாங்கள் நிறுவ முடியாமல் போயிருக்கும்.

அடுத்து, மகனைக் கொண்டு சென்ற அந்த வட மாநிலத்து மாவட்ட நீதிமன்றத்தில் வாதாடிய இளம் பெண் வழக்கறிஞருக்கு. எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் என்ன நடந்தது என்பதைத் தொலைபேசியில் மூன்றாமவர் ஒருவர் வழியாக எங்களுக்குச் சொல்லாமல் அவர் வீடு திரும்பியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) பிணையில் விடத்தக்க குற்றம் என்பதையும், உடன் சேர்த்திருந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் ஏமாற்றுதல் பிரிவு 318(4)க்கு உச்சபட்சத் தண்டனையே ஏழாண்டுதான் என்பதையும், அத்தகைய வழக்குகளில் முதலில் அறிவிப்பாணை கொடுத்து விசாரணைக்கு அழைப்பதே முறை, கைது செய்வதானால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்த நெறியையும் எடுத்துச் சொல்லி, அமர்வு நீதிமன்றத்தில் பிணை பெற்றுத் தந்தார்.

பிணை கிடைத்த பிறகும் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாமல் மகன் வெளியே வர முடியவில்லை. ஆயிரக்கணக்கான கல் தொலைவில் எங்களுக்கு யாரைத் தெரியும்? அங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கும் திருச்செங்கோட்டு அன்பர், எங்களை முன்பின் அறியாதவர், தம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை நீதிமன்றத்தில் ஒப்படைத்துக் கையெழுத்திட்டார். முதல் தகவல் அறிக்கையை இந்தியிலிருந்து வரிக்கு வரி தமிழாக்கித் தந்தவர் அவருடைய மேலாளர். வாய்தா விவரங்களை எங்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே.

மகன் வேலை பார்க்கும் நூற்பாலையின் டைம் ஆபீஸ் எழுத்தர் ஐயா அவர்களை இந்த மடலில் தனியே வணங்குகிறேன். பணம் வேற்றூர் ஏடிஎம்மில் எடுக்கப்பட்ட இரவில் மகன் ஆலையில் மூன்றாவது ஷிப்டில் இருந்தான். அதைச் சொல்வது எளிது. நீதிமன்றம் ஏற்கும்படி கொடுப்பது எளிதன்று. கைரேகை வருகைப் பதிவை வெறும் தாளாக அச்சிட்டுக் கொடுத்தால் போதாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4)இன்படி ஹாஷ் மதிப்புடன் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டுடன்) சான்றிதழ் வேண்டும், அதில் கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் வல்லுநர் மற்றொரு பகுதியிலும் கையொப்பமிட வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னதும், நிர்வாகத்திடம் தாமே அனுமதி பெற்று, கணினிக்காரரையும் வரவழைத்து முறைப்படி முடித்துக் கொடுத்தார். வழக்கு என்றதும் ஒதுங்கிக்கொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

ஏடிஎம் கேமராப் பதிவு அழிந்துவிடும் முன் அதைப் பாதுகாக்கக் கோரும் மனுவை வழக்கறிஞர் விரைந்து போட்டார். அந்தப் பதிவில் இருப்பவர் எங்கள் மகன் அல்லர் என்பதை இறுதி அறிக்கையில் மறைக்காமல் எழுதிய விசாரணை ஆய்வாளருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பு என்று அவரை என்னால் நினைக்க முடியவில்லை.

மகன் வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணத்தைக் காரணம் காட்டி என் ஓய்வூதியக் கணக்கையும் முழுவதுமாக முடக்கியிருந்தார்கள். தொகையும் காலமும் வரையறுக்காமல் ஒரு கணக்கை முழுதாக முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னதைக் காட்டி, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதை விடுவிக்கச் செய்த திண்டுக்கல் வழக்கறிஞருக்கும், அதுவரை மளிகையைக் கடனாகக் கொடுத்து ஒரு நாளும் கணக்குக் கேட்காத எங்கள் தெருக் கடைக்காரருக்கும் நன்றி.

மோசடி செய்பவர்களுக்கு ஆதரவாக வாதாடுகிறீர்களே என்று இந்த வழக்கறிஞர்களைக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் எந்த மோசடியையும் நியாயப்படுத்தவில்லை. யார் செய்தார் என்பதைச் சான்றோடு சொல்லுங்கள் என்று மட்டுமே கேட்டார்கள். பணத்தை இழந்த அந்த முதியவருக்கும் அதுவே தேவை. எங்கள் மகன் சிறையில் இருந்த நாள்களில் அவருடைய பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பிவிடவில்லை. அவருக்கு முழுத் தொகையும் கிடைக்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன். அந்தத் தரகரைப் பற்றி மகன் அறிந்த அனைத்தையும் வாக்குமூலமாகக் கொடுத்திருக்கிறான்.

இதே நிலையில் நிற்கும் குடும்பங்கள் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பிணை மனு, விடுவிப்பு மனு, 63(4) சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை, பெயர் விவரங்களை நீக்கி, கேட்பவர்களுக்குக் கொடுக்க வழக்கறிஞர்கள் இசைந்திருக்கிறார்கள். அதற்கும் சேர்த்து என் குடும்பத்தாரின் நன்றி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.