மதிய வகுப்பும் உங்கள் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு அக்டோபரிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துணைப் பயிற்சி நடக்கும். ஒப்புதல் படிவம் இத்துடன் வருகிறது. பட்டியலில் இங்கே சிறுபான்மையாக வாழும் ரோமா இனப் பிள்ளைகளே அதிகம். உக்ரைனிலிருந்து வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

"திரும்பவும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பத்தான் இதெல்லாமா?" என்று ரோமா பெற்றோர் சிலர் கேட்டார்கள். செக் நாட்டு நகரமான நம் ஓஸ்ட்ராவாவில் இப்படிக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1996 முதல் 1999 வரை இதே ஊரில் 18 ரோமா பிள்ளைகளைப் பாடத்திட்டம் குறைந்த சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் வரை போனது. அப்படிச் சேர்த்தது பாகுபாடுதான் என்று அங்குள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. பெற்றோர் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்ற அரசின் வாதம் அங்கே எடுபடவில்லை. எதற்கு ஒப்புகிறோம் என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்ததா என்று நீதிமன்றம் பார்த்தது.

அதனால் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அது இந்தப் பயிற்சிக்கு மட்டும்தான். பிள்ளையின் வகுப்பு, இருக்கை, மதிப்பெண் சான்றிதழ் எதுவும் மாறாது. வேண்டாம் என்றாலும் சரி, யாரும் குறையாக நினைக்க மாட்டோம்.

பயிற்சியில் என்ன நடக்கும்? டிக்டேஷன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். செக் மொழியில் 'இ' ஒலிக்கு இரண்டு எழுத்து. எந்தச் சொல்லில் எது வரும் என்று மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்ய வேண்டும். அப்புறம் நெடிலுக்கு மேலே போடும் கோடு. ரோமா மக்களின் மொழியான ரோமானி கலந்த செக் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அந்த நெடில் காதில் தனியாக விழுவதில்லை. கோடு விட்டுப்போகிறது, நோட்டு முழுக்கச் சிவப்பு மை. கணக்கில் '1' (இங்கே அதுதான் உயர்ந்த மதிப்பெண்) வாங்குகிற பிள்ளைக்கும் இதே கதைதான். இது மூளைக் குறை இல்லை, காதுப் பழக்கம். ஆகவே உரக்கப் படிப்பது, நெடிலுக்கு நீட்டிக் கைதட்டுவது, திரும்ப எழுதுவது என்று பயிற்சி போகும்.

"இதனால் எங்கள் பிள்ளைகளின் பாடம் கெடாதா?" என்று கேட்ட மற்ற பெற்றோருக்கு: பயிற்சி பாடவேளைக்குப் பிறகுதான். காலையில் வகுப்பில் இருக்கும் உதவி ஆசிரியரும் கை தூக்குகிற எல்லாரிடமும் போவார்.

கட்டணம் இல்லை. படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். படிப்பதில் சிரமம் இருந்தால் நேரில் வாருங்கள், ரோமானி பேசுகிற உதவியாளர் விளக்குவார். கேன்டீனில் சாப்பிடாத பிள்ளைகளுக்கு ரொட்டி கட்டிக் கொடுங்கள். பசியோடு டிக்டேஷன் ஓடாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்