பாதை என்றால் எங்களுக்கு வேறு பொருள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் பயணப் பக்கத்தில், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் நியூ ரிவர் என்ற ஆற்றோரமாகப் போன பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பூங்காவாக்கிய கதை வந்திருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். பிறகு பேரனையும் வாசிக்கச் சொன்னேன். நான் 29 வருடம் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தவன். எங்கேயாவது தண்டவாளத்தைப் பற்றி எழுதியிருந்தால் என்னால் சும்மா தாண்டிப் போக முடியாது.

கட்டுரையில் இருந்த விவரங்கள் நல்லவை. 57 மைல் நீளம், நம் கணக்கில் 92 கிலோமீற்றர் வரும். அதில் 39 மைல் ஆற்றை ஒட்டியே போகிறது. 1986 டிசெம்பரில் நோர்போக் சதர்ன் ரயில் கம்பனி அந்த நிலத்தை மாநிலத்துக்கே கொடுத்துவிட்டது. இரண்டு சுரங்கங்கள், மூன்று பெரிய பாலங்கள், முப்பதுக்குக் கிட்டச் சின்னப் பாலங்கள். அவ்வளவும் சரி. கடைசிப் பந்தியில், திருகோணமலைக்கும் இப்படி ஒரு ‘மலைச் சைக்கிள் பாதை’ வேண்டும், வெள்ளைக்காரர் வருவார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அங்கேதான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பழைய ரயில் பாதையில் ஓட மலைச் சைக்கிள் தேவையில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. அதனால் ஏற்றம் என்றாலே ரயிலுக்கு ஆகாது. மலையைக் கண்டால் வெட்டுவார்கள், பள்ளத்தைக் கண்டால் நிரப்புவார்கள், முடியாத இடத்தில் சுற்றிப் போவார்கள். நமது மலைநாட்டுப் பாதையில் ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் இடத்தில், இரண்டு எஞ்சின் பூட்டி மூச்சு வாங்கிக்கொண்டு கோச்சி ஏறியதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அங்கேகூட ஏற்றம் 44க்கு 1தான். அதாவது நூறு மீற்றர் போனால் இரண்டேகால் மீற்றர் உயரம். சைக்கிளில் போகிறவன் அதை ஏற்றம் என்று சொல்லமாட்டான், எதிர்க்காற்று என்று நினைத்துக்கொள்வான். ஆகவே வேர்ஜீனியாவிலும் சரி, எங்கும் சரி, ரயில் போன மேட்டில் பழைய லுமாலா சைக்கிளே போதும். தடித்த டயரும் இருபத்தொரு கியரும் பக்கத்துக் காட்டுக்குள் பிரிந்து போகிற ஒற்றையடித் தடங்களுக்குத்தான் வேண்டும். கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டால் பாதை தயார் என்று வாசிக்கிறவர்கள் எண்ணிவிடக்கூடாது. கிடக்கும் சல்லிக்கல்லின் மேல் சைக்கிள் ஓடாது. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சக்கரம் தன்பாட்டில் போகும். அந்தக் கல்லை அள்ளிவிட்டோ சமன்படுத்தியோ, மேலே கல்தூள் பரப்பி உருளை போட்டு இறுக்க வேண்டும். அதைவிட முக்கியம் தண்ணீர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரியில் எங்கள் ஓவசியர் என்னைத் தண்டவாளத்தைப் பார்க்க விடவில்லை. மதகைப் போய்ப் பார் என்றார். மேட்டின் இருபக்கமும் வாய்க்கால் திறந்திருக்க வேண்டும், குறுக்கே போகும் மதகில் இலையும் சேறும் அடைபடக்கூடாது. மதகு அடைத்தால் தண்ணீர் மேட்டைத் தின்னத் தொடங்கும். ஒரு இரவு மழை போதும். அமெரிக்காவின் அந்தப் பாதை இத்தனை வருடம் நிலைத்திருக்கிறதென்றால் படத்தில் தெரியும் அழகான பாலங்கள் மட்டும் காரணமல்ல, யாரோ ஒருவர் மண்வெட்டியோடு மதகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் படமெடுப்பதில்லை, அது வேறு விஷயம்.

இந்த ரயில் பாதைச் சைக்கிளோட்டம் நமக்குப் புதிது என்பதுபோலக் கட்டுரையில் ஒரு தொனி. புதிதல்ல. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. மிஞ்சியது வெறும் மேடு. அந்த மேட்டில் விறகு கட்டிக்கொண்டும், பிள்ளையை முன்னால் பாரில் இருத்திக்கொண்டும் சனம் சைக்கிளில் போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்பி வரும்வரை, 24 வருடம், அது பூங்காவென்று பெயர் வைக்காத பூங்கா. பொழுதுபோக்குக்காக அதில் போனவர் எவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

நாட்டில் உண்மையாகவே கைவிடப்பட்ட பாதைகளும் இருக்கின்றன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன குறுகிய பாதை 1940களிலேயே மூடப்பட்டது. களனிவெளிப் பாதை இன்று அவிசாவளையோடு முடிகிறது. ஒரு காலத்தில் இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்க வரை போனது. அந்தப் பக்கத்து வாசகர்கள் யோசிக்கலாம். அமெரிக்கக்காரர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். ரயில் நின்றாலும் பாதையைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், நடப்பதற்கும் சைக்கிளுக்கும் விட்டுவைத்து, நாளை ரயில் வேண்டுமென்றால் திரும்பப் போடலாம் என்று 1983இல் சட்டமே செய்துவிட்டார்கள். நாமோ ஓரத்தில் ஒரு கொட்டில் எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு அது கல்வீடாகும். அதற்குப் பிறகு யாரைக் கிளப்புவது?

ஆனால் எங்கள் திருகோணமலைப் பாதை சாகவில்லை. 1927இல் கல்லோயாவிலிருந்து வந்த பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. கொழும்பு இரவுக் கோச்சி விடியப்புறம் வருகிற சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவது. கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று வரும் அந்தத் தண்டவாள ஓரத்தில் சைக்கிள் தடம் போடலாம் என்று யாராவது தொடங்கினால், தயவுசெய்து வேண்டாம். ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. தண்டவாள ஓரத்தில் நடந்து போனவர்களைத் தூக்கிய கை இது. மேலே எழுத விருப்பமில்லை.

அப்படியென்றால் எங்களிடம் கைவிடப்பட்ட பாதை எது? இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம் வருகிறது. மற்ற ஊர்க்காரருக்குப் பாதை என்றால் வழி. திருகோணமலை, மட்டக்களப்புக்காரருக்குப் பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை. கம்பியைப் பிடித்து இழுத்துப் போவது. ‘பாதை வந்துட்டுதா?’ என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் றோட்டைப் பார்க்கமாட்டார்கள், ஆற்றைத்தான் பார்ப்பார்கள். வெள்ளைமணலிலிருந்து கிண்ணியாத் துறையடிக்கு, பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறை துறையாகக் கடந்து மூதூர் போய்ச் சேருவதற்குள் எத்தனை பாதை! பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்க வேண்டும், பஸ் முதலில் ஏறும், ஆட்கள் பிறகு. சைக்கிள்காரர் நாங்கள் கடைசியில் ஏறி முதலில் இறங்குவோம். அதில் ஒரு பெருமை. அவசரக்காரர் திருகோணமலையிலிருந்து லோஞ்சில் நேரே மூதூருக்குப் போய்விடுவார்கள்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அதன்பிறகு மற்ற ஆறுகளுக்கும் பாலங்கள் வந்தன. நல்லது. யாரும் பழைய பாதையைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் துறைக்கு இறங்கிய பழைய றோட்டுத் துண்டுகள் பாலத்தடியில் பற்றை பிடித்துக் கிடக்கின்றன. அவைதாம் எங்கள் ரயில் மேடு. மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் கலக்கிற இடம் இது. நாட்டின் மிக நீளமான ஆறு கடலைத் தொடுகிற இடத்தைப் பார்க்க ஒரு சைக்கிள்காரன் நின்று இளைப்பாற ஒழுங்கான நிழல்கூட இல்லை.

போன மாசி மாதம் பேரனோடு கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போனேன். அவனிடம் இருப்பது கட்டுரையில் சொன்ன அதே மாதிரிச் சைக்கிள், என்னிடம் பழையது. றோட்டு நல்ல தார் றோட்டு, குறை சொல்லமுடியாது. பிரச்சினை ஓரம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம், அதற்கப்பால் பள்ளம். மணல் டிப்பர் பின்னால் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் இறங்கி நிற்கிறோம். எங்களைப் போல எத்தனை பேர் இறங்கி நின்றார்கள் தெரியுமா? வயலுக்குப் போகிறவர்கள், மீன்பெட்டி கட்டினவர்கள், வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகள். பேரனைத் தவிர ஒருவரிடமும் கியர் இல்லை.

நான் கேட்பது இதுதான். அந்த றோட்டோரமும், வாய்க்கால் அணைக்கட்டு கிடைக்கிற இடத்தில் அணைக்கட்டின் மேலும், இரண்டு மீற்றர் அகலத்தில் கிறவல் போட்டு இறுக்கிய ஒரு தடம். பழைய துறையடி ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டிலும் குடிதண்ணீரும். மதகுகள் சரியாக இருக்கட்டும். மாரியில் தண்ணீர் ஏறும் இடத்தைப் பொறியியலாளருக்கு முன் அங்குள்ள கமக்காரரிடம் கேட்கட்டும். வெளிநாட்டுக்காரர் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் தடம் காலியாக இருக்காது. 2021 நவம்பர் 23இல் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நேரத்தில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் வயதுப் பிள்ளைகள்தாம் இன்று டிப்பருக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். சுற்றுலாத் திட்டம் என்று எழுதினால் காசு வருமென்றால் அப்படியே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கட்டுரையாளர் தம்பியோ தங்கையோ, பெயரை வைத்துத் தெரியவில்லை. விருப்பமென்றால் தை, மாசியில் ஒருநாள் வரட்டும். ஆனி, ஆடியில் வேண்டாம், கச்சான் காற்று ஆளையே பக்கவாட்டில் தள்ளும். காலை ஆறு மணிக்குத் துறையடியில் நிற்கிறேன். சைக்கிள் நான் ஒழுங்கு செய்வேன். வெயிலுக்குத் தொப்பியும், உடைமுள் குத்தினால் ஒட்ட சொலூசனும் பம்ப்பும் மட்டும் கொண்டுவந்தால் போதும். எங்கள் பம்ப் காற்று விடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பாலையூற்று, திருகோணமலை.