கோழிக்குஞ்சில் ஒரு 'க்'

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் சிறுவர் வாசிப்பு நூலின் கையெழுத்துப்படியும் கிடைத்தன. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கோழிப் பாடத்தில் மட்டும் சில இடங்களைத் திருத்த வேண்டும்.

தலைப்பில் 'கோழி குஞ்சு' என்று இருக்கிறது. கோழியின் குஞ்சு என்றால் நடுவில் 'க்' கட்டாயம் வேண்டும்: கோழிக்குஞ்சு. அது இல்லாவிட்டால் கோழியும் குஞ்சும் என்றாகிவிடும். பொழுது சாயும்போது "கோழி குஞ்செல்லாம் அடைச்சாச்சா?" என்று கேட்கிறோமே, அது தாயையும் சேர்த்துத்தான். பஞ்சாரத்துக்குள் எது போனது என்பதையே அந்த ஓரெழுத்து மாற்றிவிடுகிறது.

'குஞ்சு பொறித்தது' என்பதும் தவறு. பொறிப்பது கல்லில் எழுத்தை. முட்டை விஷயத்தில் இடையின 'ரி'தான்: பொரித்தது. எண்ணெயில் பொரிப்பதற்கும் அதே எழுத்து என்பதால் 'பொரித்த கோழி' என்று மொட்டையாக விட்டால் சாப்பாட்டுத் தட்டுதான் நினைவுக்கு வரும். 'குஞ்சு பொரித்த கோழி' என்று முழுதாக எழுது. அடைவைத்து 21 நாளில் பொரிக்கும். கருவில்லாமல் அழுகிப்போவது கூமுட்டை.

முட்டையிலிருந்து வருவதெல்லாம் குஞ்சு என்ற வரியை எடுத்துவிடு. பாம்புக்குக் குட்டி என்கிறோம். முட்டையே இடாத எலிக்குக் குஞ்சு என்கிறோம். தொல்காப்பிய மரபியல் தொடக்கத்தில் அடுக்கும் ஒன்பது இளமைப் பெயர்களில் குஞ்சு இல்லை. பறப்பவற்றுக்குப் பார்ப்பும் பிள்ளையும்தான். அந்தப் பிள்ளை தெலுங்கில் 'கோடிபில்ல' என்று இன்றும் கோழியோடு நிற்கிறது! கன்னடத்தில் 'கோளிமரி', நமக்கோ மறி ஆட்டோடும் மானோடும் நின்றுபோனது. மலையாளத்துக் 'கோழிக்குஞ்ஞு' நம் சொல்லேதான், ஆனால் அங்கே மனிதக் குழந்தையும் குஞ்ஞு.

எதுவரை குஞ்சு என்று கேட்டிருந்தாய். தாய்க்கோழி கொத்தி விரட்டிப் பிரித்துவிடும்வரை. அப்புறம், முட்டைக்கு வரும்வரை பெட்டையானது வெடக்கோழி. பண்ணைக்காரர்கள் 'ஒரு நாள் குஞ்சு' என்று விற்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். ஓட்டை உடைக்கும் முன்பே மிச்ச மஞ்சள்கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதை வைத்து இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்கும். அட்டைப்பெட்டியில் ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவது அதனால்தான்.

படத்தில் எல்லாக் குஞ்சும் மஞ்சள் பஞ்சாக இருக்கின்றன. நாட்டுக்கோழி என்றால் இரண்டுக்காவது பழுப்பு உடம்பும் முதுகில் கருங்கோடும் போடச் சொல்.

அன்புடன்,
முத்து