பெட்டியை விற்க வேண்டாம், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த ஒலிநாடாப் பெட்டிக்கு நீங்கள் விலை பேசிவிட்டீர்கள் என்று அம்மா சொன்னா. திருகோணமலை உப்புவெளியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து பார்த்தாராம். பெட்டியோடு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தொகையும் சொன்னாராம். நீங்களும் "பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கிறதுதானே, கொண்டு போகட்டும்" என்று தலையாட்டிவிட்டீர்களாம். இதைத் தொலைபேசியில் கதைத்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இப்படியான பெட்டிகள் மூதூரிலும் தம்பலகாமத்திலும் சாம்பல்தீவிலும் இன்னும் எத்தனையோ வீட்டு அலுமாரிகளின் மேல் கிடக்கின்றன. அந்த வீட்டுக்காரரும் படிக்கட்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுகளை வெளியிட அவர் ஆசைப்பட்டால் தாராளமாக விடுங்கள். நாடாக்களை மட்டும் விற்காதீர்கள்.

"இதை இனி ஆர் கேக்கப் போறாங்கள்?" என்று எப்போதும் சொல்வீர்கள். கேட்கிறார்கள், மாமா. உலகம் முழுக்க இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஐந்நூறு பேர்கூட வாங்காத இசைத்தட்டு, ஓர் ஊரை விட்டு வெளியே போகாத கசெற், வானொலி நிலையத்து மூலையில் கிடந்த நாடா, இவற்றைத் தேடிப்பிடித்துச் சுத்தம் செய்து மறுவெளியீடு செய்யும் நிறுவனங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நிறைய உண்டு. அவர்கள் தேடுவது பெரும்பாலும் அந்தக் காலத்து வெற்றிப் பாடல்களை இல்லை. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத இசை, தன் காலத்தில் "இது என்ன கூத்து" என்று ஒதுக்கப்பட்ட இசை, அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒரு இசைக்கலைஞர் இருந்தார். இந்திப் படங்களுக்கு வாசித்தவர். 1982 இல் புதிதாக வந்த மின்னணு தாளக் கருவியையும் பேஸ் கருவியையும் சின்தசைசரையும் இணைத்துவைத்து, லலித் முதலான பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டு வெளியிட்டார். யாரும் கவனிக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் சிக்காகோவில் அதே பேஸ் கருவியை வைத்து இளைஞர்கள் புதுவகை நடன இசை ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு முன்னரே பம்பாயில் ஒருவர் கிட்டத்தட்ட அதே ஓசையைத் தொட்டிருந்தார் என்பது, ஒல்லாந்துக்காரர் ஒருவர் பழைய தட்டொன்றைக் கண்டெடுத்து 2010 இல் மறுவெளியீடு செய்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. சரண்ஜித் சிங் 2015 இல் காலமானார். அதற்குமுன் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை வாசித்துவிட்டுத்தான் போனார்.

நீங்கள் ஓர்கன் வாசித்தவர் என்பதால் ஹைலு மெர்ஜியாவின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எத்தியோப்பியாக்காரர். அடிஸ் அபாபாவில் வாலியாஸ் என்ற குழுவில் ஓர்கன் வாசித்தவர். 1981 இல் குழுவோடு அமெரிக்கா போனவர், வாஷிங்டனில் தங்கிவிட்டார். 1985 இல் தனியே உட்கார்ந்து, எக்கோர்டியனையும் கீபோர்டுகளையும் தாள இயந்திரத்தையும் வைத்துப் பழைய மெட்டுகளைப் புதிதாக வாசித்து ஒரு கசெற் வெளியிட்டார். பிறகு இசையால் பிழைக்க முடியாமல் விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டினார். காரின் பின்பெட்டியில் ஒரு சின்ன கீபோர்டை வைத்திருப்பாராம். பயணிகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதை எடுத்துப் பழகுவாராம். அந்தக் கசெற் ஒன்றை எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகரத்துக் கடையில் வாங்கிக் கேட்ட ஓர் அமெரிக்கர், ஆளைத் தேடிப்பிடித்து 2013 இல் மறுவெளியீடு செய்தார். அறுபதைத் தாண்டிய பிறகு மெர்ஜியா மறுபடி மேடையேறினார். 2018 இல் புதிய தொகுப்பு ஒன்றையும் கொண்டுவந்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அமெரிக்கர் கசெற்றோடு திருப்திப்பட்டுப் போகவில்லை. வாசித்தவரிடம் போனார், சம்மதம் கேட்டார், லாபத்தில் பாதி கலைஞருக்கு என்ற கணக்கில் நடந்துகொள்கிறார். மறுவெளியீட்டில் நியாயமான வழி அதுதான்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்கப் பாடகர் ரொட்ரிகெஸின் 1970 இல் வந்த தட்டு அவர் நாட்டில் விலைபோகவில்லை. தென்னாபிரிக்காவிலோ வீட்டுக்கு வீடு பாடியது. டெட்ராய்ட்டில் வீடு இடிக்கும் வேலை செய்துகொண்டிருந்த அவருக்கு அது பல வருடமாகத் தெரியவே தெரியாது, அந்த விற்பனையில் ஒரு சதமும் அவர் கைக்கு வரவில்லை. பழைய தட்டுச் சந்தையிலும் இதே கதைதான். ஓர் அரிய தட்டு நூற்றுக்கணக்கான டொலருக்குக் கை மாறும். வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் சந்தோஷம். பாடியவருக்கு அங்கே பங்கே கிடையாது.

கம்போடியாவின் கதை இதைவிட எனக்கு வலிக்கிறது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கே ரொக் இசை அற்புதமாக இருந்தது. பொல் பொட் ஆட்சியில் பாடகர்களில் பெரும்பாலானோர் மாண்டுபோனார்கள், மூல நாடாக்களும் அழிந்தன. பிறகு ஓர் அமெரிக்கப் பயணி அங்கே கசெற்றுகளை வாங்கிக்கொண்டு போனார். அவற்றிலிருந்து 1996 இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. உலகம் வியந்து கேட்டது. ஆனால் அந்தத் தட்டின் உறையில் பாடியவர் பெயர் இல்லை, பாட்டின் பெயர்கூட இல்லை. சின் சிசமுத், ரோஸ் செரெய் சொத்தியா என்று கம்போடியாவில் குழந்தைக்கும் தெரிந்த குரல்கள் வெளிநாட்டுக் காதுக்கு யாரோ ஒருவருடைய குரலாகிவிட்டன. கேட்டவர்கள் பின்னர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத்தான் பெயர்கள் சேர்ந்தன.

மாமா, உங்கள் பெட்டி பெயரில்லாமல் போகக்கூடாது. நான் பயப்படுவது அதற்குத்தான். அந்த உறைகளில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றில் நீல மையில் "பத்திரகாளி அம்மன் கோயிலடி". இன்னொன்றில் "ஒத்திகை 2". அவ்வளவுதான். டிரம்ஸ் யார், பேஸ் யார், எந்த வருடம் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பெட்டி விமானம் ஏறினால் அந்தத் தலை இங்கேயே நின்றுவிடும்.

உங்கள் குழு எந்தக் காலத்தில் எந்த ஊரில் வாசித்தது என்பதும் சேர்ந்து போகவேண்டிய கதை. திருகோணமலை மெல்லிசைக்குப் பேர்போன ஊர். பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் இந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். 'உனக்குத் தெரியுமா' பாட்டை இன்றைக்கும் முணுமுணுக்கிற பெரியவர்கள் உண்டு. அது தட்டில் ஏறியதால் பிழைத்தது. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்ததும் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' வீட்டுக்கு வீடு போனதும் பதிவாகி வெளியே வந்ததால்தான். தட்டும் இல்லாமல், வானொலியிலும் பதிவாகாமல், கோயில் திருவிழா மேடையிலும் கல்யாண வீட்டிலும் மட்டும் வாசித்த குழுக்கள்? கலவரமும் இடப்பெயர்வும் சுனாமியும் கொண்டுபோனது போக எஞ்சியது உங்களைப் போன்றவர்களின் பெட்டிகள் மட்டும்தான். எங்கள் மாவட்டத்தில் ஜெர்மன் வானொலிக்கு மறுஒலிபரப்பு நிலையம் இருந்தது. இங்கிருந்து அவர்களுடைய நிகழ்ச்சி ஆசியா முழுக்கப் போனது. அந்த நாட்களில் உங்கள் பாட்டு கன்னியாவைத் தாண்டிக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

அந்த அம்பாப் பாட்டை நான் மறக்கவில்லை. நீங்கள் ஒருமுறை போட்டுக் காட்டியபோது என் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டேன். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவை எடுத்து, அடியில் ஓர்கனில் ஒரே சுரக்கூட்டை அழுத்திப் பிடித்தபடி நீங்கள். ஒருவர் எடுத்துப் பாட, பின்னால் கூட்டமாக எதிர்க்குரல். இரண்டாவது நிமிடத்தில் டிரம்ஸ் விலகி, தவில் மட்டும் நடக்கிறது. பிறகு கிற்றார் வருகிறது, வேண்டுமென்றே ஓசையை இழுத்து நெளித்து. அந்தக் கிற்றார் ஏறும் இடத்தில் யாரோ கோயில் வெடி கொளுத்துகிறார்கள். வாசிப்பு நிற்கவில்லை, அடுத்த வெடிக்கு டிரம்ஸ்காரர் சரியாக ஓர் அடி வைக்கிறார். கீழே சனம் சிரிக்கிறது. இப்படி ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மெல்லிசை என்ற பெயருக்குள் இது அடங்காது. கோயிலடி மேடையில் நீங்கள் ஏதோ புதிதாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இந்த மறுவெளியீட்டுக்காரர்கள் தவம் கிடப்பது இதற்குத்தான்.

சோமாலியாவில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். 1988 இல் ஹர்கெய்சா நகரத்தின் மேல் அப்போதைய ஆட்சியாளர் சியாத் பரேயின் விமானங்கள் குண்டு போட்டபோது, வானொலிக்காரர்களும் இசைஞர்களும் ஒலிப்பதிவுகளை மண்ணுக்குள் புதைத்து மறைத்தார்கள். வேறு பல பதிவுகளை அயல்நாடுகளுக்கு அனுப்பிவைத்தார்கள். பின்னர் தோண்டி எடுத்தவையும் திரும்பி வந்தவையும் ஹர்கெய்சாவிலேயே ஒரு பண்பாட்டு மையத்தில் சேர்ந்தன. அங்கிருந்துதான் நியூயோர்க் நிறுவனம் ஒன்று பாட்டுகளைத் தெரிவுசெய்து, கலைஞர்களைப் பற்றிய விரிவான குறிப்புகளோடு 2017 இல் தொகுப்பு வெளியிட்டது. அது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நாடாக்கள் இன்றும் ஹர்கெய்சாவில்தான் இருக்கின்றன. எனக்கு வேண்டியதும் அதுதான்.

வந்தவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. மோப்பம் பிடித்து உங்கள் வாசல் வரை வந்தாரே, இசையில் பிரியம் இல்லாமல் வரமாட்டார். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பெட்டி விற்பனைக்கு இல்லை, வெளியிடும் உரிமையை ஒப்பந்தத்தில் தரலாம். ஐந்து வருடமோ ஏழு வருடமோ ஒரு காலக்கெடு. அதன் பிறகு உரிமை திரும்ப உங்களுக்கு. லாபத்தில் பங்கு, வாசித்த எல்லோருக்கும், இறந்தவர் என்றால் அவர் பிள்ளைகளுக்கு. இலங்கையில் 2003 இன் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டு எழுதியவரின் உரிமை அவர் உயிரோடிருக்கும் காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஆகவே வரி எழுதித்தந்த மாஸ்டரின் வீட்டாரையும் கேட்காமல் எதிலும் கையொப்பம் வைக்கக்கூடாது. நியாயமான ஆள் என்றால் ஒப்புக்கொள்வார், பெயர்களைத் தானே கேட்டு எழுதிக்கொள்வார். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் யாரென்று அப்போதே விளங்கிவிடும். இதில் பெரிய காசு எதிர்பார்க்காதீர்கள். இத்தகைய தட்டுகள் முதலில் சில நூறு பிரதிகள்தான் அச்சாகும்.

இனி நாடாக்கள். தயவுசெய்து உங்கள் பழைய குருண்டிக் ஒலிநாடா மெஷினில் இனி ஒன்றையும் போட வேண்டாம். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிற நாடாவை ஓட்டினால் பூஞ்சணம் மற்ற நாடாக்களுக்கும் பரவும், உங்கள் நெஞ்சுக்கும் கூடாது. சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடே தெரிந்தால் அது அசற்றேற் நாடா, வினாகிரி மணமும் வரலாம். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஒளி தெரியாவிட்டால் பொலியெஸ்டர். அதில் சில வகை ஈரப்பதத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். ஐம்பது பாகை செல்சியசை ஒட்டிய குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வைத்தால், ஒருதடவை நன்றாக ஓட்டி எடுக்கிற அளவுக்குச் சரியாகும். அந்த வேலையைத் தெரிந்தவர்தான் செய்யவேண்டும், அசற்றேற்றுக்கு அந்தச் சூடு ஆகவே ஆகாது. எங்கள் கடற்கரைக் காற்றில் இத்தனை வருடம் தாங்கியதே பெரிய விஷயம்.

மற்றது, உங்கள் மெஷின் நாலு தடத்தில் பதிகிற வகை. இதைத் தெரியாமல் வேறு மெஷினில் போட்டால், பாட்டோடு சேர்ந்து மறுபக்கத்துப் பாட்டு பின்னோக்கி ஓடுவது கேட்கும். "நாடா பழுது" என்று எறிந்துவிட்டவர்களும் உண்டு. பழுதில்லை, தடம்தான் மாறியிருக்கிறது. ஒலிமாற்றுகிறவர் முதலில் மெஷினில் நாடாவைத் தொட்டு வாசிக்கும் தலைப்பகுதியில் உள்ள சின்னத் திருகாணியைத் திருப்பித் திருப்பிக் கேட்பார். கம்பளிக்குள் பேசியது போலிருந்த குரல் ஓரிடத்தில் சட்டென்று வெளியே வரும். சுருளுக்குச் சுருள் அந்த இடம் மாறும். அவசரக்காரர் கையில் கொடுக்கக்கூடாத வேலை இது. ஒலிமாற்றிய பிறகு ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி என்னிடம். நீங்கள் சம்மதித்தால் இன்னொன்றை நூலகம் நிறுவனத்திடம் கொடுப்போம். 2005 இலிருந்து எங்கள் ஆட்களின் எழுத்தையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வைக்கிறவர்கள் அவர்கள்.

கூரை திருத்தக் காசு வேண்டும் என்பதற்காகத்தான் ஒப்புக்கொண்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை வேறாகப் பார்ப்போம். அம்மாவிடமும் கதைத்துவிட்டேன், தம்பியும் அனுப்புவதாகச் சொல்கிறான். மாரி தொடங்குமுன் ஓடு மாற்றிவிடலாம்.

வெள்ளிக்கிழமை அவர் வருகிறார் என்றார்கள். நான் வியாழன் பின்னேரமே வந்துவிடுவேன், ஒரு கொப்பியோடு. ஒவ்வொரு உறையாக எடுத்து, யார் யார் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். அதற்கிடையில் தவில்காரரின் மகள் இப்போது கிண்ணியாவிலா, கொழும்பிலா என்று விசாரித்து வையுங்கள். அம்பாவில் எடுத்துப் பாடுகிறவர் யாரென்றும் எனக்குச் சொல்லவேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்