யாரோ தப்பு பண்ணினாங்கங்கற வரியை மட்டும் ஏன் சார் விட்டீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல, தப்பான உத்தரவால பீரங்கிகளை நோக்கிப் பாஞ்ச பிரிட்டிஷ் குதிரைப்படையைப் பத்தி ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் எழுதின 'லைட் பிரிகேட்' கவிதையை அலசி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. "ஏன்னு கேக்காம கீழ்ப்படியறதுதான் இந்தக் கவிதை நமக்குக் கத்துத்தர்ற பாடம்"னு அதுல ஒரு வரி, மாணவர்களுக்குப் பயன்படும்னு மேல ஒரு குறிப்பு வேற. ரொம்ப சந்தோஷம் சார், ஆமா சாமி போட அடுத்த தலைமுறையும் ரெடி.

ரெண்டாவது பத்தியை வார்த்தை வார்த்தையா விளக்கினவரு, யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு அந்தச் சிப்பாய்ங்களுக்கே தெரியும்னு அதே பத்தில வர்ற வரியை மட்டும் எப்படித் தாண்டிப் போனாரு?

1854 அக்டோபர் 25, கிரிமியால பிரிட்டன் ரஷ்யாவோட நடத்தின போர்ல, பாலக்லாவாவுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மலை மேல நின்ன பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபுவுக்கு ரஷ்யாக்காரங்க பிடிச்ச பீரங்கிகளை எடுத்துட்டுப் போறது தெரிஞ்சுது, கீழ பள்ளத்தாக்குல நின்ன குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கு அது தெரியல, ராக்லன்கிட்டேருந்து வந்த உத்தரவுச் சீட்டுல பீரங்கிகளைக் கொண்டு போக விடாதீங்கன்னு இருந்துச்சே ஒழிய எந்தப் பீரங்கின்னு இல்ல, கொண்டு வந்த கேப்டன் நோலனைக் கேட்டா அதோ அங்கன்னு கையை வீசிட்டாரு. முன்னாடியும் பீரங்கி ரெண்டு பக்கமும் பீரங்கின்னு லைட் பிரிகேடை நடத்தின கார்டிகன் சொல்லிப் பாத்தாரு, அவரு லூக்கனோட மச்சான்தான், ஆனா ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. சுமார் 670 பேர் அந்தத் தப்பான பீரங்கிகளை நோக்கிக் குதிரையில போனாங்க, 110 பேர் போல செத்தாங்க. நோலன் முதல்லயே செத்துட்டாரு, அதனால அவரைக் கேக்க முடியாது. ராக்லன் பழியை லூக்கன் மேல போட்டாரு. கார்டிகன் அன்னிக்கு ராத்திரி தன்னோட சொந்தப் படகுக்குப் போய்ப் படுத்தாரு சார்.

நான் ஒரு அரசு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். ஒரு ஃபைலை அனுப்புய்யா, கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்னு அதிகாரி வாயால சொன்னாரு, நானும் ஏன்னு கேக்காம அனுப்பினேன். ஆடிட் வந்தப்ப அவரு நான் சொல்லவே இல்லைன்னுட்டாரு, 17பி மெமோ, அதான் ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, வந்தது எனக்கு, இன்கிரிமென்ட் கட். அவரு புரமோஷன்ல போயிட்டாரு. கீழ்ப்படிதலோட பெருமையை எங்கிட்ட கேளுங்க, உங்க கட்டுரையாளரை விட நல்லா சொல்வேன்.

டென்னிசனும் பெரிய புரட்சிக்காரர் இல்ல, அரசவைக் கவிஞர்தான். 1855 புத்தகத்துல யாரோ தப்பு பண்ணாங்கங்கற அந்த வரியை அவரே நீக்கிப் பாத்தாரு, ஆனா அதே வருஷம் போர்முனைச் சிப்பாய்ங்களுக்குன்னு தனியா அச்சடிச்சப்ப திரும்பச் சேத்துட்டாரு. உயிரைக் கொடுத்து நின்னவனுக்குப் படிக்கக் கொடுத்த வரி நம்ம பிள்ளைங்களுக்கு ஆகாதாமா? பொழைச்சு வந்தவங்கள்ல பல பேர் வறுமைல கிடக்குறாங்கன்னு 1890ல இங்கிலாந்துல நிதி வசூல் பண்ண வேண்டி வந்துச்சு, கீழ்ப்படிஞ்சதுக்குக் கிடைச்ச அந்தப் பரிசைப் பத்தியும் கட்டுரைல ஒரு வரி கிடையாது.

உங்க பத்திரிகைக்கு இது புதுசும் இல்ல. இலக்கியப் பக்கத்துல நோட்ஸ் மாதிரி எழுதுறாங்கன்னு நான் முன்னாடி போட்ட கடிதத்துல பாராட்டா இருந்த முதல் ரெண்டு வரியை மட்டும் போட்டு மிச்சத்தை வெட்டினீங்க. விலையை ஏத்தினீங்க, பக்கம் குறைஞ்சுது. சந்தா கட்டினவனுக்குப் புத்தகம் வர்றதுக்குள்ள கடைல அடுத்த இதழ் தொங்குது. கேட்டா போஸ்ட் ஆபீஸைக் கேளுங்கன்னு பதில். அங்க போனா உங்களைக் கேக்கச் சொல்றாங்க.

பெருசா ஒண்ணும் கேக்கல. விட்ட அந்த ஒரு வரியை அடுத்த இதழ்ல பெட்டி கட்டிப் போடுங்க, சமையல் குறிப்புக்குக் கீழ இடம் இருந்தாலும் போதும். இந்தக் கடிதத்தைப் போடறதா இருந்தா முழுசா போடுங்க, இல்லைன்னா போடவே வேணாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், தஞ்சாவூர்